வீட்டு ஃபைபர் லைனைப் பெட்டியிலிருந்து தெருக்கம்பம் வரை படித்துப் பழகுவது எப்படி

"லாஸ் லைட் எரியுதுங்க" என்று நீங்கள் போனில் சொல்கிறீர்கள். எதிர்முனையில் இருப்பவர் "லாஸ் எவ்வளவு காட்டுது?" என்று கேட்கிறார். காதில் விழுவது ஒரே சொல், விஷயம் வேறு வேறு. நீங்கள் சொன்னது பெட்டியில் எல்ஓஎஸ் என்று மூன்று எழுத்தில் அச்சடித்திருக்கும் சிவப்பு விளக்கை, அதாவது சிக்னல் வரவில்லை என்பதன் சுருக்கம். அவர் கேட்டது வரும் வழியில் எவ்வளவு வெளிச்சம் வீணாகிறது என்கிற இழப்புக் கணக்கை. இந்தக் குழப்பத்திலேயே ஒரு நாள் போய்விடும், மறுநாள் ஆள் வந்து பார்த்தால் அலமாரிக்குப் பின்னால் ஒயர் நசுங்கிக் கிடக்கும்.

ஃபைபரில் சொற்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் அகராதி மாதிரி அகர வரிசையில் படித்தால் ஒன்றும் மண்டையில் நிற்காது. அதனால் நம் வீட்டுப் பெட்டியில் ஆரம்பித்து, ஒயரைப் பிடித்துக்கொண்டே வெளியே தெருக்கம்பம் வரைக்கும் போவோம், வழியில் எதிர்ப்படும் சொற்களை அங்கங்கே நின்று பார்த்துக்கொள்வோம். புதிதாக இணைப்பு வாங்கியவர்களுக்கும், கேபிள் ஆபரேட்டரிடம் லைன் வேலைக்கு இப்போதுதான் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

1. முதலில் பெட்டியின் விளக்குகள்

நாம் எல்லோரும் மோடம் என்று சொல்லும் பெட்டிக்குத் தொழிலில் ஓஎன்டி அல்லது ஓஎன்யூ என்று பெயர். வெளிச்சமாக வருவதை மின்சாரச் சிக்னலாக மாற்றுவதும், நீங்கள் அனுப்புவதை வெளிச்சமாக்கி வெளியே விடுவதும்தான் அதன் வேலை. வைஃபை கொடுப்பது கூடுதல் வேலை, சில வீடுகளில் அதற்குத் தனி ரவுட்டர் இருக்கும்.

பார்க்கவேண்டிய விளக்குகள் இரண்டே இரண்டு. பான் என்ற விளக்கு பச்சையில் அசையாமல் எரிந்தால் உங்கள் பெட்டிக்கும் ஆபரேட்டரின் மெயின் பெட்டிக்கும் பேச்சு வார்த்தை சரியாக நடக்கிறது. அதுவே விட்டு விட்டு எரிந்தால் வெளிச்சம் வருகிறது, ஆனால் உங்கள் பெட்டியை அந்தப் பக்கம் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. எல்ஓஎஸ் சிவப்பில் எரிந்தால் வெளிச்சமே வரவில்லை, அல்லது பெட்டியால் படிக்கமுடியாத அளவு மங்கலாக வருகிறது.

பான் பச்சை அசையாமல் நிற்கிறது, எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் ஃபைபரைக் குறை சொல்லாதீர்கள். ரவுட்டர் செட்டிங், ஆபரேட்டர் பக்கத்துக் கோளாறு, இல்லை பில் கட்ட மறந்தது. சிரிக்கவேண்டாம், "ஃபைபர் கட்" என்று வரும் புகார்களில் இந்த மூன்றாவது வகையும் உண்டு.

2. பிளக்கைக் கழற்றும் முன் ஒரு எச்சரிக்கை

ஒயரின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவே கூடாது. உள்ளே வரும் வெளிச்சம் அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியாது, தெரியாததால் கண் சிமிட்டவும் தோன்றாது. வீட்டுக்கு வந்து சேர்வது மிகக் கொஞ்சம்தான், ஆனால் டிவி சிக்னலுக்காக ஆம்ப்ளிஃபையர் போட்ட லைனில் வெளிச்சம் பல மடங்கு இருக்கும், எது எந்த லைன் என்று முனையைப் பார்த்துச் சொல்லமுடியாது.

சிலர் போன் கேமராவில் காட்டிப் பார்க்கச் சொல்வார்கள், டிவி ரிமோட்டின் முனை கேமராவில் மின்னுவது போல இதுவும் தெரியும் என்று. தெரியாது. ரிமோட்டின் வெளிச்சம் சுமார் 940 நானோமீட்டர் அலைநீளம், அதைக் கேமராவின் சிலிக்கான் சென்சார் பிடித்துவிடும். ஃபைபரில் நமக்கு வருவது 1490, சிலிக்கானுக்கு 1100 தாண்டினால் பார்வை கிடையாது. "கேமராவில் ஒன்றும் தெரியவில்லை, லைன் செத்துவிட்டது" என்று முடிவு கட்டியவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

இப்போது பிளக்கின் நிறத்தைப் பாருங்கள். பெட்டிக்குள் போகும் அந்தச் சதுரமான பிளாஸ்டிக் பிளக் எஸ்சி கனெக்டர். அது பச்சையாக இருந்தால் ஏபிசி, நீலமாக இருந்தால் யூபிசி. ஏபிசியில் கண்ணாடி முனையை 8 டிகிரி சாய்வாகத் தேய்த்திருப்பார்கள். முனையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் வந்த வழியிலேயே போய் லேசருக்குத் தொல்லை கொடுக்காமல் பக்கவாட்டில் சிதறிப்போவதற்கு அந்தச் சாய்வு. யூபிசியின் முனை சாய்வில்லாதது. பச்சையையும் நீலத்தையும் சேர்த்துச் செருகினால் உள்ளே போகத்தான் செய்யும், ஆனால் சாய்ந்த முகமும் நேர் முகமும் ஒட்டாது, நடுவே காற்று இடைவெளி விழும், அந்த இடத்தில் சிக்னல் சரியும்.

எங்கள் வீட்டில் இது நடந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவரிடம் பச்சை முனை பேட்ச் கார்டு தீர்ந்துபோயிருந்தது, "இதுவும் ஓடும் சார்" என்று நீலத்தைச் செருகிவிட்டுப் போனார். ஓடியது, உண்மைதான். மைனஸ் 19 வரவேண்டிய இடத்தில் மைனஸ் 25 வந்துகொண்டு ஓடியது, லைனில் வேறு எங்கோ சின்னதாக ஒரு பிசிறு சேர்ந்ததும் நின்றுபோனது. அந்த மைனஸ் எண்ணுக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் வருகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் அதைத்தான் வைக்கவேண்டும்.

கழற்றிய பிளக்கின் முனையைச் சட்டையில் துடைப்பது, வாயால் ஊதுவது, விரலால் தடவிப் பார்ப்பது மூன்றும் வேண்டாம். வெளிச்சம் போகும் பாதை 9 மைக்ரான் அகலம்தான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசியே அதை மூடப் போதும். பஞ்சு பிரியாத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைக்கலாம், அல்லது பேனா மாதிரி இருக்கும் கிளீனரை வைத்து ஒரு அழுத்து அழுத்தலாம். கழற்றிய நேரம் முழுக்க மூடி போட்டே வைத்திருங்கள்.

3. ஒயருக்குள்ளே என்ன இருக்கிறது

பேட்ச் கார்டு என்பது இரண்டு முனையிலும் பிளக் போட்ட குட்டை ஒயர். ஒரு முனையில் மட்டும் பிளக் இருந்து மறுமுனை வெறும் இழையாக இருந்தால் அது பிக்டெயில், அந்த வெறும் முனையை வரும் கேபிளோடு ஒட்டுவார்கள்.

மேலுறையையும் உள்ளே வலுவுக்கு வைத்திருக்கும் நூலையும் நீக்கினால் மயிரிழை போல ஒன்று வரும். அதன் வெளிப்பூச்சு 250 மைக்ரான், பூச்சைச் சுரண்டினால் கண்ணாடி 125 மைக்ரான், அந்தக் கண்ணாடியின் நடுவே நான் மேலே சொன்ன 9 மைக்ரான் பாதை. நடுப்பாதை கோர், சுற்றியிருப்பது கிளாடிங். இரண்டும் கண்ணாடிதான், கோரின் ஒளிவிலகல் எண் மட்டும் துளி அதிகம். கிணற்றில் முங்கிக் குளித்தவர்கள் கவனித்திருப்பீர்கள், தண்ணீருக்கு அடியிலிருந்து நேர் மேலே பார்த்தால் வானம் தெரியும், சாய்வாகப் பார்த்தால் தண்ணீரின் மேற்பரப்பு கண்ணாடி போலாகி உள்ளே இருப்பதையே திருப்பிக் காட்டும். பள்ளியில் முழு அக எதிரொளிப்பு என்று படித்தது அதுவேதான். கோருக்கும் கிளாடிங்குக்கும் நடுவே அது வழி முழுக்க நடப்பதால் வெளிச்சம் வெளியே கசியாமல் ஓடுகிறது.

9 மைக்ரான் கோர் இருந்தால் சிங்கிள் மோட், வெளிச்சம் ஒரே வழியில்தான் போகமுடியும், அதனால் தூரம் போனாலும் சிக்னல் கலங்காது. கோர் 50 அல்லது 62.5 மைக்ரானாக இருந்தால் மல்டி மோட், வெளிச்சம் பல வழிகளில் முன்னும் பின்னுமாக வந்து சேரும், அதனால் ஒரு கட்டடத்துக்குள்ளும் டேட்டா சென்டரிலும்தான் அதற்கு வேலை. வீட்டு இணைப்பு எல்லாமே சிங்கிள் மோட். பேட்ச் கார்டு மஞ்சள் என்றால் பெரும்பாலும் சிங்கிள் மோட், ஆரஞ்சோ வெளிர் நீலப் பச்சையோ என்றால் மல்டி மோட். கடையில் மாற்றிக் கொடுத்துவிட்டால் பிளக் பொருந்தும், லைன் பொருந்தாது.

அப்புறம் வளைவு. ஒயரை அதிகமாக மடக்கினால் அந்தக் கிணற்றுக் கண்ணாடி விளைவு கெட்டு வெளிச்சம் பக்கவாட்டில் கசியும். சாதாரண ஜி.652 வகை இழைக்கு 30 மில்லிமீட்டர் ஆரம் வரைதான் மடக்கலாம், டீக்கடை கிளாஸைச் சுற்றி ஒயரைச் சுற்றினால் ஏறக்குறைய அந்த வளைவு வரும். வீட்டுக்குள் இழுப்பதற்கென்றே ஜி.657 வகை இருக்கிறது, அதில் ஏ2 என்றால் 7.5 மில்லிமீட்டர் வரை தாங்கும். உங்கள் வீட்டில் எது ஓடுகிறது என்று தெரியாதவரை டீ கிளாஸ் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். ஒயர் நீளமாக இருக்கிறதே என்று ரப்பர் பேண்டு போட்டு இறுக்கிக் கட்டுவது, ஆணியடித்து இழுத்துப் பிடிப்பது, சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே விட்டுப் பீரோவைத் தள்ளுவது, இந்த மூன்றையும் தவிர்த்தால் வீட்டுக்குள் வரும் பாதித் தொல்லை போய்விடும்.

4. அந்த மைனஸ் எண்

பெட்டியோடு வைஃபையில் இருந்துகொண்டு பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தால் பெரும்பாலான பெட்டிகளில் உள்ளே போகும் பக்கம் திறக்கும். முகவரியும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். உள்ளே ஆப்டிகல் அல்லது பான் என்ற தலைப்பின் கீழ் ஆர்எக்ஸ் பவர் என்று ஒரு எண் இருக்கும், மைனஸ் 18.5 என்பது மாதிரி, பக்கத்தில் டிபிஎம் என்று. லைன்மேன்கள் "பவர் எவ்வளவு வருது?" என்று கேட்பதும், கையில் பவர் மீட்டர் வைத்து அளப்பதும் இதைத்தான்.

டிபிஎம் என்பது வெளிச்சத்தின் அளவு, டிபி என்பது இழப்பின் அளவு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்பாதவர் இந்தத் தொழிலில் முதல் மாதத்தில் யாருமில்லை. 1 மில்லிவாட் வெளிச்சம் 0 டிபிஎம். அதிலிருந்து பத்தில் ஒன்றாகக் குறைந்தால் மைனஸ் 10, நூறில் ஒன்றானால் மைனஸ் 20, ஆயிரத்தில் ஒன்றானால் மைனஸ் 30. பாதியானால் 3 டிபி போனது என்று கணக்கு. ஏன் இப்படி வளைத்து வளைத்து என்றால், வழியில் பத்து இடத்தில் வெளிச்சம் குறைகிறது, ஒவ்வொன்றுக்கும் பெருக்கி வகுத்துக்கொண்டு கம்பத்தில் ஏணி மேல் நிற்கமுடியாது, டிபியில் போட்டால் வெறும் கூட்டல் கழித்தல்தான்.

இந்த டிபிக்குள் ஃபைபரின் வரலாறே அடங்கியிருக்கிறது. இங்கிலாந்தில் வேலை பார்த்த சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற சக ஆய்வாளரோடு சேர்ந்து 1966ல் ஒரு கட்டுரை எழுதினார். கண்ணாடி மோசமில்லை, அதில் கலந்திருக்கும் அழுக்குதான் வெளிச்சத்தைத் தின்கிறது, கிலோமீட்டருக்கு 20 டிபிக்குள் இழப்பைக் கொண்டுவந்தால் இதில் பேசலாம் என்பது அதன் சாரம். 20 டிபி என்றால் ஒரு கிலோமீட்டர் போனதும் நூறில் ஒரு பங்குதான் மிச்சம், அதுவே அன்றைக்குப் பெரிய ஆசை. 1970ல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனத்தில் 17 டிபி வரை கொண்டுவந்துவிட்டார்கள். இன்று 1550 நானோமீட்டரில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டிபி, பாதி வெளிச்சம் காலியாக 15 கிலோமீட்டர் ஓடவேண்டும். காவுக்கு 2009ல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ஃபைபர் ஆப்டிக்ஸ் என்ற பெயரை 1960ல் பரவச் செய்தவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, அவருக்கு நோபல் கிடைக்கவில்லை என்ற வருத்தம் நம் ஊர்க்காரர்கள் பலருக்கு இன்னும் உண்டு, எனக்கும் கொஞ்சம் உண்டு.

சரி, உங்கள் எண்ணுக்கு வருவோம். வீட்டு இணைப்புகளில் பரவலாக இருக்கும் ஜிபான் முறையில், வழக்கமான பி பிளஸ் வகைப் பெட்டி மைனஸ் 8க்கும் மைனஸ் 27க்கும் நடுவே வேலை செய்யும். மைனஸ் 8ஐ விட அதிகமாக வந்தாலும் தப்பு, டார்ச்சைக் கண்ணில் அடித்த மாதிரி பெட்டி திணறும். மைனஸ் 15லிருந்து 22 வரை இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். மைனஸ் 25ஐத் தாண்டினால் ஓடிக்கொண்டிருந்தாலும் புகார் கொடுங்கள், ஏதாவது ஒரு சின்ன விஷயம் சேர்ந்தால் சிவப்பு விளக்குதான். மைனஸ் 15ஐ விட மைனஸ் 20 குறைவு என்பதைப் புதியவர்கள் மாற்றிப் புரிந்துகொள்வார்கள், எண் பெரிதாகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள்.

இன்னொன்று, மைனஸ் 16 வரும் வீட்டில் மைனஸ் 22 வரும் வீட்டை விட வேகம் அதிகம் என்பது இல்லை. எல்லைக்குள் இருக்கும்வரை வேகம் உங்கள் பிளானைப் பொறுத்தது. 100 எம்பிபிஎஸ் பிளானில் டவுன்லோடு நொடிக்கு 12 எம்பி மட்டும் காட்டுகிறதே என்றால் அதுவும் சரியான கணக்கே, முன்னது பிட், பின்னது பைட், எட்டால் வகுக்கவேண்டும்.

5. வீட்டை விட்டு வெளியே: ஸ்ப்ளிட்டர்

உங்கள் வீட்டுக்கென்று தனியாக ஒரு இழை ஆபரேட்டர் அலுவலகத்திலிருந்து வருவதில்லை. அங்கே ஓஎல்டி என்ற மெயின் பெட்டி இருக்கும், அதன் ஒரு போர்ட்டிலிருந்து கிளம்பும் ஒரே இழையைத் தெருவில் ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீடு, 64 வீடு என்று பிரிப்பார்கள். ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை, வெறும் கண்ணாடியாலேயே வெளிச்சத்தைப் பங்கு போடும். ஜிபானில் உள்ள பி என்பது இந்தப் பேஸிவ் தன்மையைத்தான் குறிக்கிறது. போவதும் வருவதும் ஒரே இழையில்தான், வீட்டுக்கு வருவது 1490 நானோமீட்டரில், வீட்டிலிருந்து போவது 1310ல், அலைநீளம் வேறு என்பதால் மோதிக்கொள்ளாது. ஒரு போர்ட்டுக்கு வரத்து நொடிக்கு 2.488 ஜிகாபிட், போக்கு 1.244. அதைத்தான் தெருவே பங்கு போட்டுக்கொள்கிறது, ராத்திரி ஒன்பது மணிக்கு வேகம் குறைய அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வெளிச்சத்தைப் பங்கு போட்டால் ஒவ்வொருவருக்கும் குறையத்தானே செய்யும். இரண்டாகப் பிரித்தால் சுமார் 3.5 டிபி, நான்காகப் பிரித்தால் 7, எட்டாகப் பிரித்தால் 10.5 போகும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், இதைப் பவர் பட்ஜெட் என்பார்கள். ஓஎல்டியிலிருந்து பிளஸ் 3 டிபிஎம் கிளம்புகிறது. ஒரு இடத்தில் நான்காகவும் அடுத்த இடத்தில் எட்டாகவும் பிரித்து 32 வீடு, அதற்கு 17.5. ஐந்து கிலோமீட்டர் இழைக்குக் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 1.75. நான்கு கனெக்டருக்கு 0.3 வீதம் 1.2. ஆறு ஜாயிண்டுக்கு 0.1 வீதம் 0.6. மொத்தம் 21 சொச்சம், 3லிருந்து கழித்தால் மைனஸ் 18. ஆக, கிளம்பிய 2 மில்லிவாட்டில் உங்கள் வீட்டுக்கு வந்தது நூறில் ஒரு பங்குகூட இல்லை, அதில்தான் படம் ஓடுகிறது. இதில் தூரம் தின்றது வெறும் 1.75, ஸ்ப்ளிட்டர் தின்றது 17.5 என்பதைக் கவனியுங்கள். "ஆபீஸ் ரொம்ப தூரம் சார், அதான் பவர் கம்மி" என்று யாராவது சொன்னால் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டு 0.35ஆல் பெருக்கிப் பாருங்கள்.

6. கம்பத்தில் நடப்பது

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒற்றை ஒயர் டிராப் கேபிள். தெருவில் ஓடும் பெரிய கேபிளில் பல இழைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். வரிசை நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன், சாம்பல், வெள்ளை, சிவப்பு, கறுப்பு, மஞ்சள், ஊதா, ரோஸ், வெளிர் நீலப் பச்சை. வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதை மட்டும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டும், முதல் ஆறு தெரிந்தால் பாதி வேலை நடக்கும்.

அறுந்த இழையைச் சேர்ப்பதற்கு ஸ்ப்ளைசிங், பேச்சு வழக்கில் ஜாயிண்ட் அடிப்பது. பூச்சைச் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்து, கிளீவர் வைத்து முனையை நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் இரண்டு முனைகளையும் எதிரெதிரே வைத்தால் அது மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடும். ஒழுங்காக ஒட்டினால் 0.1 டிபிக்குக் கீழேதான் இழப்பு வரும். சரியாக வராததற்கு மெஷினைத் திட்டுவார்கள், பெரும்பாலும் கோளாறு கிளீவரின் பிளேடில் இருக்கும். வெட்டி எறியும் கண்ணாடித் துணுக்கு விரலில் ஏறினால் கண்ணுக்குத் தெரியாது, எடுக்கவும் வராது, அதனால் துணுக்குகளை உடனே ஒரு டப்பாவில் போட்டு மூடுங்கள், வேலை செய்த இடத்தில் உட்கார்ந்து சாப்பிடாதீர்கள்.

எங்கே அறுந்தது என்று தேட இரண்டு கருவிகள். பக்கத்திலேயே என்றால் விஎஃப்எல், சிவப்பு லேசர் அடிக்கும் பேனா. உடைந்த அல்லது நசுங்கிய இடத்தில் ஒயரே சிவப்பாகக் கசிந்து காட்டும். தூரத்தில் என்றால் ஓடிடிஆர். இது ஒரு துடிப்பு வெளிச்சத்தை அனுப்பி, திரும்பி வரும் மங்கலான எதிரொலியின் நேரத்தை வைத்து "1,240 மீட்டரில் உடைப்பு" என்று தூரத்தைச் சொல்லும். கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் போவதால் ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ நொடி, அதுதான் கணக்கு. இதே கணக்கில், சென்னையிலிருந்து கடலுக்கடியில் சிங்கப்பூர் வரை போகும் கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல் என்பதால், அங்கே இருக்கும் கேம் சர்வருக்கு நீங்கள் எந்தப் பிளான் எடுத்தாலும் பிங், அதாவது சிக்னல் போய்த் திரும்பி வரும் நேரம், 30 மில்லி நொடிக்குக் கீழே வராது.

ஒரு தந்திரம் சொல்லித் தருகிறேன், இதைப் பல வருடம் வேலை பார்த்தவர்கள்கூட மறந்துவிடுவார்கள். இழப்பு இருக்கிறது, ஆனால் ஜாயிண்ட் கெட்டதா ஒயர் மடங்கியதா என்று தெரியவில்லை என்றால் 1310லும் 1550லும் அளந்து பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே இழப்பு என்றால் ஜாயிண்ட் அல்லது கனெக்டர். 1550ல் மட்டும் அதிகமாகக் காட்டினால் எங்கோ மடங்கியிருக்கிறது, நீண்ட அலைநீளம்தான் வளைவில் முதலில் கசியும்.

7. இனி புகார் கொடுக்கும்போது

நன்றாக ஓடும் ஒரு நாளில் ஆர்எக்ஸ் பவரைப் பார்த்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டியின் அடியில் ஒட்டிவிடுங்கள். பிரச்சினை வரும் நாளில் "நெட் ஸ்லோவா இருக்கு" என்பதற்குப் பதிலாக "போன மாசம் மைனஸ் 19 வந்தது, இப்போ மைனஸ் 26, பான் பச்சையாத்தான் இருக்கு, வீட்டுக்குள்ள ஒயர் எங்கயும் மடங்கல" என்று சொல்லிப் பாருங்கள். வரும் ஆள் நேராகக் கம்பத்துக்கே போவார், உங்கள் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்லி அரை மணி நேரம் கழிக்கமாட்டார்.

தெருவில் இருக்கும் ஸ்ப்ளிட்டருக்குக் கரண்ட் தேவையில்லை என்றேன் இல்லையா, அதனால் மின்வெட்டு நேரத்திலும் ஆபரேட்டர் பக்கம் பேக்கப் இருந்தால் வெளிச்சம் வந்துகொண்டேதான் இருக்கும், அணைந்திருப்பது உங்கள் பெட்டி மட்டும்தான். ரவுட்டருக்கென்று கிடைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று வாங்கி வைக்கலாம், ஆனால் வாங்கும் முன் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் குறித்துக்கொண்டு போங்கள், பெரும்பாலும் 12 வோல்ட் இருக்கும். இடி மின்னல் நேரத்தில் அடாப்டரைப் பிடுங்கி வைப்பதையும் விடாதீர்கள். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் டிராப் கேபிளில் தாங்கலுக்குப் போட்டிருக்கும் கம்பியும், சுவரில் இருக்கும் பிளக் பாயிண்டும் கடத்தும்.